குன்னூர் வெளிச்சத்தில் ஒரு கணினித் திரை

தேயிலைச் சாற்றின் நிறத்தையும் சுவையையும் மதிப்பிடும் கூடங்களில், வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்படும் நீண்ட மேசையை வடக்கு நோக்கிய சாளரத்தின் ஓரமாக அமைப்பது நெடுநாளைய வழக்கம். வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் நேர் வெயிலாக விழாமல் வானத்தின் பரந்த ஒளியாக விழுவதால், காலையில் வடித்த சாற்றையும் பிற்பகலில் வடித்த சாற்றையும் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்து ஒப்பிட முடிகிறது. 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவரும் குன்னூரில் சாற்றின் செம்பு நிறப் பொலிவுக்கும் விலைக்கும் தொடர்பு உண்டு என்பதால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தை நிலைப்படுத்த வேண்டும் என்னும் அறிவு அந்தத் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. அதே ஊரில் தேயிலைப் பொட்டலத்துக்கு மேலுறை வடிவமைக்கும் ஒருவரோ, நிழற்படத்தையும் ஓவியத்தையும் தொழிலாகக் கொண்ட ஒருவரோ கணினித் திரை வாங்கப் போகும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. திரையின் அங்குலக் கணக்கும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விழுக்காடுகளும் முதலில் வருகின்றன. அந்தத் திரை நிற்கப்போகும் அறையின் வெளிச்சம் கடைசியில் வருகிறது, பல வேளைகளில் வருவதேயில்லை.

திரையில் தோன்றும் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவையாகும். மனித விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைப்பட்டவை என்பதால், தேயிலைக் கொழுந்திலிருந்து வரும் ஒளியின் அலைநீளங்கள் அனைத்தையும் திரை மறுபடி உண்டாக்க வேண்டியதில்லை. மூன்று வகைச் செல்களையும் அந்தக் கொழுந்து தூண்டும் அதே அளவுக்குத் தூண்டிவிட்டால் போதும், மூளை அதைக் கொழுந்தின் நிறமாகவே ஏற்றுக்கொள்ளும். சராசரிக் கண்ணின் இந்த ஏற்புத்தன்மையைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1931-இல் எண்களாக வகுத்தது. இன்று திரைகளைப் பற்றிப் பேசப்படும் அளவுகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. திரவப் படிகத் திரைகளில் பின்புறமிருந்து ஒரு வெள்ளை விளக்கு எரிய, முன்னே உள்ள நுண்ணிய வடிகட்டிகள் அந்த வெள்ளையிலிருந்து மூன்று நிறங்களைப் பிரித்தெடுக்கின்றன. அந்த விளக்கோ உண்மையில் ஒரு நீல எல்இடி. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. செயல்திறன் மிக்க நீல எல்இடியைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இவ்வகை எளிய வெள்ளை விளக்கில் தூய சிவப்பு மெலிந்தே இருக்கிறது. விளக்கில் இல்லாத நிறத்தை எந்த வடிகட்டியாலும் தர இயலாது. பாஸ்பரை மாற்றியோ, தம் அளவுக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் குவாண்டம் புள்ளிகளைச் சேர்த்தோ இந்தக் குறையைப் போக்கியவையே விரிந்த நிறம் காட்டும் விலையுயர்ந்த திரைகள்.

ஒரு திரை காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்கு நிற வீச்சு என்று பெயர். 1996-இல் ஹியூலெட் பேக்கார்ட், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் முன்வைத்து 1999-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்பது இன்றளவும் இணையத்துக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் உரிய வீச்சாகும். அச்சுத் தொழிலை மனத்தில் வைத்து 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி, பச்சையிலும் பச்சைநீலத்திலும் அதைக் கடந்து செல்கிறது. எண்மத் திரையரங்குகளுக்கென வகுக்கப்பட்ட பி3 சிவப்பிலும் ஆரஞ்சிலும் கூடுதலாகச் செல்கிறது. பெட்டியின் மேல் இவற்றுக்கு அருகில் காணப்படும் விழுக்காடுகளை அப்படியே நம்புவது சரியன்று. மலிவான மடிக்கணினிகளின் விவரத்தாளில் வரும் 45 விழுக்காடு என்டிஎஸ்சி, 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்னும் சொற்கள் 1953-ஆம் ஆண்டின் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சித் தரத்தோடு பரப்பை ஒப்பிட்டுச் சொல்பவை. அவற்றுள் 72 என்பது எஸ்ஆர்ஜிபி-யின் பரப்புக்கு ஏறத்தாழச் சமம், 45 என்பது வண்ணப் பணிக்கு உதவாது. பரப்பு சமமாக இருப்பதாலேயே இரண்டு வீச்சுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்திவிடும் என்பதில்லை. ஒரு திரை தேவையற்ற பச்சையில் நீண்டு, தேவையான சிவப்பில் குறுகி, மொத்தப் பரப்பில் சமன் காட்டலாம். மேலும், 1931-ஆம் ஆண்டின் நிற வரைபடத்தில் பச்சைப் பகுதி கண் உணரும் வேறுபாட்டைவிட மிகப் பெரிதாக வரையப்பட்டுள்ளது என்பதை டேவிட் மக்கடம் 1942-இலேயே செய்முறையாகக் காட்டினார். ஆகவே ‘பரப்பு’ என்னும் சொல்லை விட்டு, எஸ்ஆர்ஜிபி-யில் எவ்வளவு பகுதியை அந்தத் திரை உள்ளடக்குகிறது என்று கேட்பதே பொருளுடைய கேள்வி.

விரிந்த வீச்சு யாருக்குத் தேவை என்பதை நீலகிரியின் நிறங்களைக் கொண்டே ஆராயலாம். இம்மலைப் பழங்குடியினரான ஆலு குறும்பர்களின் ஓவியங்கள், கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கியூர், வெள்ளரிக்கொம்பைப் பாறைகளில் காணப்படும் செந்நிற, வெண்ணிறப் பழம்படங்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவை. வேங்கை மரத்தின் பிசினிலிருந்து மஞ்சளும் பழுப்பும், காட்டவரை இலையிலிருந்து பச்சை, மண்ணிலிருந்து சிவப்பு என மரபாக எடுக்கப்பட்ட அந்த வண்ணங்கள் அடர்த்தி குறைந்த மண் வண்ணங்கள். இத்தகைய வண்ணங்கள் எஸ்ஆர்ஜிபி-யின் எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். அவற்றைப் படமெடுத்துத் திரையில் செப்பனிடுபவருக்கு எல்லையின் அகலத்தால் பயனில்லை. எல்லைக்கு உட்பட்ட பழுப்பையும் காவியையும் திரை பிசகாமல் காட்டுகிறதா என்பதே முக்கியம். முற்றிய தேயிலையின் கரும்பச்சையும் இத்தகையதே. பச்சை மலையில் வாழ்பவருக்குப் பச்சையில் விரிந்த திரை வேண்டும் என்று தோன்றுவது இயல்பு, ஆனால் பெரும்பாலான இலைகளின் பச்சை கண்ணுக்குத் தோன்றுமளவு தூயதன்று. அதில் சிவப்பும் மஞ்சளும் கணிசமாகக் கலந்திருக்கின்றன.

மற்றொரு பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் வேறொரு வகை. வெளிர்ந்த பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் தைக்கப்படும் இந்தப் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சிவப்பு அடர்ந்தது. கறுப்போ வெண்மையான துணியின் அருகிலேயே நிற்பது. குறுகிய வீச்சுள்ள திரையில் இத்தகைய சிவப்பு செங்கல் நிறத்தை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது, நூலின் மடிப்பில் உள்ள நுண்ணிய நிழல்கள் ஒரே தட்டையான சிவப்பாக ஒட்டிக்கொள்கின்றன. இங்கே பி3 வீச்சை நெருங்கும் திரை உண்மையாகவே உதவும். மேலுறை வடிவமைப்பவரின் இடர் இன்னும் நுட்பமானது. சிவகாசியிலோ கோயம்புத்தூரிலோ வழவழப்பான தாளில் ஆப்செட் முறையில் அச்சாகும் சயான் மையின் பச்சைநீலம் எஸ்ஆர்ஜிபி-க்கு வெளியே கிடக்கிறது. சாதாரணத் திரையில் அந்த நிறம் மங்கித் தெரிவதால் வடிவமைப்பாளர் அதை மேலும் கூட்டுவார். அச்சிலிருந்து வரும் பொட்டலமோ கண்ணைக் குத்தும். அச்சே இறுதி வடிவமாக உள்ளவருக்கு அடோபி ஆர்ஜிபி-யை ஏறத்தாழ முழுமையாக உள்ளடக்கும் திரை தேவைப்படுவது இதனால்தான். இணையத்துக்கும் கைப்பேசிக்கும் மட்டும் படைப்பவர் அதே திரையை வாங்கி, எஸ்ஆர்ஜிபி நிலைக்கு மாற்றாமல் வேலை செய்தால், பிறருடைய திரைகளில் அவருடைய படங்கள் வெளிறிப்போகக் கூடும்.

இந்த மலைகளில் ஒரு திரையைக் கடுமையாகச் சோதிப்பவை அடர்ந்த நிறங்கள் அல்ல, பனிமூட்டமும் அதற்கு அப்பால் அடுக்கடுக்காக மறையும் மலைமுகடுகளுமே. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதால் பனி வெண்சாம்பலாகத் தெரிகிறது. தொலைவு முகடுகளுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய துகள்களும் நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் முகடுகள் நீலம் பூசி, ஒன்றன்பின் ஒன்றாக வெளிறுகின்றன. இரண்டிலும் நிற வேறுபாடு மிகச் சிறியது, மாற்றமோ மிக மெதுவானது. எட்டு பிட் திரையில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள். மூன்றும் சேர்ந்து 1.67 கோடி நிறங்கள் வருகின்றன என்பதால் அது ஏராளம் என்று தோன்றும். ஆனால் ஒரு பனிமூட்டம் 190-ஆம் படியிலிருந்து 230-ஆம் படி வரை மட்டும் பரவியிருக்கிறது என்று கொண்டால், 2560 படப்புள்ளி அகலமுள்ள 27 அங்குலத் திரையில் அந்த நாற்பது படிகளும் ஒவ்வொன்றும் 64 புள்ளி அகலத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் அகலத்தில் நீளும். பனியில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது அதனால்தான். பத்து பிட் திரையில் படிகள் 1024 என்பதால் அதே பட்டை 16 புள்ளியாகச் சுருங்கி, அடுத்தடுத்த படிகளின் வேறுபாடும் நான்கில் ஒன்றாகி, கண்ணுக்குத் தப்பிவிடும். பத்து பிட் என்று விற்கப்படும் சில திரைகள் உண்மையில் எட்டு பிட்டாகவே இருந்து, அடுத்தடுத்த இரு படிகளை விரைவாக மாற்றி மாற்றிக் காட்டி இடைநிலையைப் போலியாக உண்டாக்கும். ஓவியப் பணிக்கு அதில் பெரிய குறை இல்லை. கோப்பும் மென்பொருளும் வரைகலை அட்டையும் பத்து பிட்டைக் கடத்தாவிட்டால் திரை மட்டும் பத்து பிட்டாக இருந்து பயனில்லை என்பதை விற்பவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள்.

பனிமூட்டம் காட்டிக்கொடுக்கும் மற்றொரு குறை, திரையின் சீரின்மை. பெரிய திரைகளில் நடுப்பகுதியைவிட ஓரங்கள் மங்கலாகவோ, ஒரு மூலை இளஞ்சிவப்பாகவும் மறு மூலை பச்சையாகவும் சாய்ந்தோ இருப்பது உண்டு. நிறம் நிறைந்த படத்தில் இது தெரியாது. சாம்பல் நிறப் பனியில் உடனே தெரியும். கடையில் திரையைச் சோதிக்க விரும்புபவர் அங்கே ஓடிக்கொண்டிருக்கும் கிளியும் பழக்கூடையும் நிறைந்த விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, திரை முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்றை வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

இனி வெளிச்சம். இதுவே இக்கட்டுரையின் மையம். திரையின் விலையைவிடக் கூடுதல் வேறுபாட்டை இது உண்டாக்குகிறது. திரையின் ஒளிர்வை நிட் என்னும் அலகாலும், ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகாலும் அளப்பர். திரவப் படிகத் திரைகளில் ஒன்றான ஐபிஎஸ் வகைத் திரையின் மாறுபாட்டு விகிதம், அதாவது அதன் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளிர்வு விகிதம், பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று. வெண்மையை 100 நிட்டில் வைத்தால் கருமை 0.1 நிட். இப்போது சாளரத்தின் வழியே 500 லக்ஸ் வெளிச்சம் திரையின்மேல் விழுகிறது என்றும், அதில் ஒரு விழுக்காட்டைத் திரையின் சொரசொரப்பான மேற்பரப்பு நாற்புறமும் சிதறடிக்கிறது என்றும் கொள்வோம். அந்தச் சிதறல் மட்டும் ஏறத்தாழ 1.6 நிட் ஒளியைத் திரையின்மேல் போர்த்திவிடும். வெண்மை 101.6 நிட்டாகவும் கருமை 1.7 நிட்டாகவும் ஆக, ஆயிரத்துக்கு ஒன்று என்னும் விகிதம் அறுபதுக்கு ஒன்றாக வீழ்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும், எனவே முழுக் கருமையைத் தரும் ஓஎல்இடி திரையை அதே மேற்பரப்போடு அதே இடத்தில் வைத்தால் விகிதம் 63-க்கு ஒன்று. இரண்டின் விலைக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளி, திரைச்சீலை இல்லாத ஒரு சாளரத்தால் இவ்வாறு கரைந்துபோகிறது. அறையின் வெளிச்சத்தை 50 லக்ஸாகக் குறைத்தால் ஐபிஎஸ் ஏறத்தாழ 385-க்கு ஒன்று, ஓஎல்இடி 625-க்கு ஒன்று என்று உயர்கின்றன. அப்போதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பேசத் தகுந்ததாகிறது. திரவப் படிகத் திரைகளில் மற்றொரு வகையான விஏ திரைகள் மூவாயிரத்துக்கு ஒன்று என்று விளம்பரம் செய்துகொண்டாலும், பார்க்கும் கோணம் சற்று மாறினால் நிழற்பகுதிகளின் தொனி மாறிவிடுவதால் ஓவியருக்கு ஐபிஎஸ் வகையே ஏற்றது.

நீலகிரியின் பகல் வெளிச்சம் நிலையற்றது. அது தெளிந்த நாளின் நிழலில் 10,000 கெல்வினைக் கடக்கும் நீலச் சாயலும், மேகம் மூடிய நாளில் 6500-லிருந்து 7500 கெல்வின் வரையிலான வெண்மையும், மாலை வெயிலில் 3000 கெல்வினுக்கு இறங்கும் பொன்மஞ்சளும் கொண்டது. கெல்வின் என்பது இங்கே வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சுட்டும் எண். அது கூடக்கூட வெளிச்சம் நீலமாகும். மேகம் இறங்கி ஏறும் நாளில் சில நிமிடங்களுக்குள் இந்த எண் மாறிவிடும், கண்ணோ தன்னையறியாமல் அதற்கு இசைந்துகொள்ளும்; காலையில் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல் பிற்பகலில் நீலம் பாரித்துத் தெரிவது திரையின் பிழையன்று. தேயிலைச் சரிவை நோக்கிய அறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவில் பட்டுத் திரும்பும் வெயில் பச்சைச் சாயலோடு சுவரிலும் கூரையிலும் விழ, கண் அந்தப் பச்சைக்கு இசைந்துகொண்டு, திரையில் பச்சைக்கு எதிரான இளஞ்சிவப்பைக் கூடுதலாக உணரத் தொடங்குகிறது. காட்சிக்காகச் சாளரத்தைத் திறந்துவைத்து வேலை செய்வதன் விலை இது.

வடக்குச் சாளரம் இதற்குத் தீர்வாகுமா என்று கேட்கலாம். அந்த வழக்கத்தின் பெருமை, வடக்குச் சாளரத்தில் நேர் வெயில் ஏறக்குறைய நுழையாத ஐரோப்பிய ஓவியக் கூடங்களில் பிறந்தது. குன்னூரோ வடக்கே 11 பாகைக்குச் சற்று மேலான அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் கதிரவன் இங்கே தலைக்கு வடக்கே நிற்க, காலையிலும் மாலையிலும் வெயில் வடக்குச் சாளரத்தில் சாய்வாக நுழைந்துவிடும். அந்த மாதங்களில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழை மேகங்களால் மூடப்பட்டிருப்பது ஒரு நல்வாய்ப்பு என்றாலும், மேகத்தை நம்பி நிறத்தை முடிவு செய்வது முறையாகாது. திரையைச் சாளரத்துக்கு முதுகு காட்டியோ எதிர்முகமாகவோ வைக்காமல் பக்கவாட்டில் வைத்து, தடித்த திரைச்சீலை இட்டு, திரையின் பின்சுவரைப் பளபளப்பற்ற நடுநிலைச் சாம்பல் வண்ணத்தால் பூசி, மாறாத ஒரு விளக்கை ஏற்றுவதே சரியான வழி. விளக்கின் நிறக்காட்டல் எண், அதாவது அதே நிறச் சாயலுள்ள தர ஒளியோடு ஒப்பிடுகையில் பொருள்களின் நிறத்தை அது எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்னும் அளவு, நூற்றுக்கு 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி தரமே திரையின் ஒளிர்வு 80 நிட், சுற்றுவெளிச்சம் 64 லக்ஸ் என்று வகுத்திருக்கிறது. கடையில் 300 நிட்டில் பளிச்சிடும் திரையை அப்படியே கொண்டுவந்து வேலை செய்தால் அச்சு எப்போதும் இருண்டே வரும். 80-க்கும் 120-க்கும் இடையில் இறக்கிவைக்க வேண்டும். அச்சுப் பிரதியைத் திரையோடு ஒப்பிடுபவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: திரையின் வெண்மைக்கு 6500 கெல்வினும், அச்சைப் பார்க்கும் விளக்குக்கு 5000 கெல்வினும் தரமாக வகுக்கப்பட்டுள்ளன, இரண்டையும் அருகருகே வைத்தால் தாள் மஞ்சளாகவும் திரை நீலமாகவும் தெரிவது இயற்கை.

நிறத்தையும் தொனியையும் எண்ணால் கட்டுப்படுத்தும் தொழில் இந்த மலைக்குப் புதியதன்று. உதகமண்டலத்தின் இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளையும் எக்ஸ்ரே படச்சுருளையும் நாடெங்கும் அனுப்பியது. தூசும் வெப்பமும் குறைந்த காற்று இத்தொழிலுக்கு உகந்தது. பின்னாளில் நலிவுற்று மூடப்பட்ட அந்த ஆலையின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. படச்சுருள் தொழிலின் அடிப்படை அறிவு, ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்னும் இருவர் 1890-இல் வெளியிட்ட வளைகோட்டில் இருக்கிறது: விழும் ஒளி இத்தனை மடங்கு கூடினால் சுருளில் கருமை இத்தனை கூடும் என்று வரைந்து, அதன் சரிவுக்குக் காமா என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் இன்று திரைகளிலும் வழங்குகிறது. காமா 2.2 கொண்ட திரையில் 255-க்கு 128 என்னும் நடுப்படியை அனுப்பினால் பாதி ஒளி வருவதில்லை, ஏறத்தாழ 22 விழுக்காடே வருகிறது. இருளில் நுண்ணிய வேறுபாடுகளை உணரும் கண்ணின் இயல்புக்கு அதுவே பொருந்துகிறது. படச்சுருள் தொழிலில் சுருளின் கருமையைக் கருவியால் அளந்து பார்ப்பதுண்டு. கணினித் திரை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூட அளப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

அளப்பதற்குரிய கருவி உள்ளங்கையில் அடங்குவது. திரையின்மேல் தொங்கவிட்டால், மென்பொருள் அனுப்பும் நிறக் கட்டங்களை அது ஒவ்வொன்றாக அளந்து, வர வேண்டிய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அந்தத் திரைக்கென ஒரு நிறக் குறிப்புக் கோப்பை உருவாக்கும். ஒளிப்பட, வடிவமைப்பு மென்பொருள்கள் அதைப் படித்துத் திருத்திக் காட்டும். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர். வேறுபாட்டைச் சுட்டும் டெல்டா ஈ என்னும் எண் 1-க்கு அருகில் இருந்தால் பழகிய கண்ணுக்கும் வேறுபாடு அரிதாகவே தெரியும். திரையோடு வரும் தொழிற்சாலைச் சான்றிதழில் ‘2-க்குக் குறைவு’ என்று இருப்பது பெரும்பாலும் சராசரி. அது புதுத் திரையின் கதை, விளக்கு தேயத்தேய மாறிவிடும். நடுத்தர விலைத் திரைகளில் இந்தத் திருத்தம் கணினியின் வரைகலை அட்டையில் நிகழ்வதால் 256 படிகளில் சில இழக்கப்பட்டு, முன்னர்ச் சொன்ன பனிப்பட்டைகள் கூடுகின்றன. எய்சோ கலர்எட்ஜ், பென்கியூ எஸ்டபிள்யூ போன்ற வரிசைகளில் திருத்தம் திரைக்குள்ளேயே கூடுதல் பிட்களில் நிகழ்வதால் அந்த இழப்பு இல்லை. அச்சுப் பணியை நாள்தோறும் செய்பவருக்கு அதற்குரிய கூடுதல் விலை நியாயமானது. மற்றவருக்கு நல்ல ஐபிஎஸ் திரையும் ஓர் அளவுக்கருவியும் போதும்.

கேமராவின் பிழையைத் திரையின்மேல் ஏற்றுவதும் நிகழ்கிறது. சில நீல, ஊதா மலர்கள் கண்ணுக்கு எட்டாத விளிம்புச் சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்புவதால் வண்ணப் படச்சுருளில் இளஞ்சிவப்பாகப் பதிந்த வரலாறு உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2018-இல் பெருவாரியாக மலர்ந்த நீலக்குறிஞ்சி போன்ற ஊதாநீலப் பூக்களைச் செப்பனிடுபவர் கேமராவை முதலில் ஐயுற வேண்டும். அளவுத்திருத்தம் செய்யப்பட்ட திரை இருந்தால்தான் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவும் முடியும்.

நுண்மை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நல்ல பார்வையுள்ள கண் 60 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். 27 அங்குலத்தில் 2560 புள்ளி அகலமுள்ள திரையின் புள்ளி 0.23 மில்லிமீட்டர், 4கே திரையில் 0.16 மில்லிமீட்டர், முன்னதில் எழுத்தின் விளிம்பு சற்றே தெரியும், பின்னதில் கரைந்துவிடும். மாதிரியை வரைந்துகொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கப்படும் தோடர் வேலையை ஆவணப்படுத்துபவருக்கு 4கே உண்மையான வசதி, ஏனெனில் சீரான இழைகளும் சீரான புள்ளிகளும் மோதும்போது எழும் அலைபோன்ற பொய்க்கோடுகள் படத்தைக் குறுக்கிப் பார்க்கையில்தான் மிகுதியாகத் தோன்றும். திரையின்மேலேயே எழுதுகோலால் வரைபவர்கள் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே வெற்றிடம் இல்லாத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் கோலின் முனை ஓரிடத்திலும் கோடு வேறிடத்திலும் விழும். அத்தகைய வரைதிரைகளின் நிறத்தை முடிவானதாகக் கொள்ளாமல், அருகில் ஒரு திருத்திய திரையை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது. மிகுந்த ஒளிர்வு வீச்சைக் குறிக்கும் எச்டிஆர் முத்திரையும் நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் வேகமும் அசையாப் படங்களுக்குப் பெரும்பாலும் வீண் செலவு.

மலையின் தட்பவெப்பம் திரையையும் தொடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் உதகையில் காலையில் இயக்கப்படும் திரையின் திரவப் படிகம் குளிரில் தடித்து மெதுவாக அசையும். விளக்கின் ஒளிர்வும் வெண்மையும் நிலைகொள்ள அரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் நிறத்தை முடிவு செய்வதோ அளவுத்திருத்தம் செய்வதோ கூடாது. குளிர்ந்த திரையை ஈரமான வெப்ப அறைக்குள் கொண்டுவந்தவுடன் இயக்கினால் உள்ளே நீர் படிந்திருக்கக் கூடும் என்பதால் சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். கூடலூர், தேவாலாப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையின்போதும், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போதும் இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில் ஒரு யுபிஎஸ் இல்லாமல் விலையுயர்ந்த திரையை இணைப்பது துணிச்சல்.

கையில் ஒரு தொகை இருக்கிறது என்றால் அதைப் பங்கிடும் வரிசை இவற்றிலிருந்து தானே விளங்கும். திரைச்சீலை, சாம்பல் வண்ணப் பூச்சு, நல்ல விளக்கு ஆகியவற்றின் செலவு சிறியது, முதலில் செய்ய வேண்டியது. அடுத்தது அளவுக்கருவி, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாதமொருமுறை மாற்றிக்கொள்ளவும் முடியும், ஏனெனில் அது நாள்தோறும் தேவைப்படுவதில்லை. மீதமுள்ள தொகைக்கு, எஸ்ஆர்ஜிபி-யை முழுமையாக உள்ளடக்கும், சாம்பலைச் சீராகக் காட்டும் ஐபிஎஸ் திரை. வேலையின் பெரும்பகுதி அச்சுக்குச் செல்வதாக இருந்தால் மட்டும் அடோபி ஆர்ஜிபி. கைப்பேசிக்கும் காணொளிக்கும் செல்வதாக இருந்தால் பி3. அச்சகத்திலிருந்து வரும் முதல் மாதிரித் தாளைத் திரையின் அருகே 5000 கெல்வின் விளக்கின்கீழ் வைத்து ஒப்பிட்டு, பிசகு எங்கே என்று குறித்துவைத்துக்கொண்டால், அந்த அச்சகத்தின் மையும் தாளும் எப்படி நடந்துகொள்ளும் என்பது அடுத்த வேலைக்குள் தெரிந்துவிடும். அச்சகம் தன் அச்சு முறைக்குரிய நிறக் குறிப்புக் கோப்பைத் தருமானால் அந்த ஒப்பீட்டைத் திரையிலேயே முன்கூட்டிச் செய்துகொள்ளலாம்.